ஒரே வளைவு, ஊருக்கொரு கோயில்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா முழுவதும் எழுந்த கல் தேவாலயங்களுக்கு 'ரோமானெஸ்க்' என்று ஒரே பெயர். ஆனால் கட்டியவர்கள் அவரவர் ஊர்க் கல்லையும் அவரவர் ஊர்க் கவலையையும் வைத்தே கட்டினார்கள்.

1120 ஜூலை 21. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், குன்றின் மேல் அமைந்த வெஸலே என்ற சிற்றூர் யாத்ரீகர்களால் நிரம்பியிருந்தது. மறுநாள் மகதலேனா மரியாளின் திருநாள். அவருடைய எலும்புகள் தங்களிடமே இருப்பதாக ஊர் மடத்துத் துறவிகள் சொல்லிவந்தார்கள். அதை நம்பித் தொலைதூரத்திலிருந்தும் மக்கள் வந்திருந்தார்கள். அன்று தேவாலயம் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

அந்தக் கணக்கு கூடுதலாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட விபத்து அக்காலத்துக்குப் புதிதல்ல. சுவர் கல்லாக இருந்தாலும் பெரும்பாலான தேவாலயங்களின் கூரை மரம்தான். ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தால் போதும், ஓர் இடி விழுந்தால் போதும். காய்ந்த உத்தரங்கள் பற்றிக்கொண்டு, கீழே மண்டியிட்டிருப்பவர்கள் தலையில் விழும். கூரையையும் கல்லிலேயே கட்டிவிட்டால் என்ன? 11, 12ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கொத்தனார்களை ஆட்டிவைத்த கேள்வி இது.

கல் கூரை என்ன செய்யும் என்பதை நம் காலத்திலேயே உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் கதீட்ரல் எரிந்தபோது மேலே இருந்த மரக்கூரை முழுக்கச் சாம்பலானது. அதற்குக் கீழே இருந்த கல் வளைகூரை சில இடங்களில் மட்டுமே உடைந்தது. உள்ளே இருந்த பெரும்பாலானவை தப்பியது அதனால்தான். நோத்ர தாம் பிற்காலத்து கோதிக் பாணிக் கட்டடம். அதைக் கட்டும் துணிச்சலுக்கான பாடத்தைப் படித்தது அதற்கு முந்தைய ரோமானெஸ்க் காலம்.

கல் தள்ளும்

பாடம் சுலபமாக இல்லை. மரக்கூரை சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கல் வளைவு சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள்: கால்கள் வழுக்கி விலகப் பார்க்கும். அதே போல, டன் கணக்கான கல்லை அரைவட்டமாக உயரத்தில் நிறுத்தினால் இரண்டு பக்கச் சுவர்களும் மெல்ல மெல்லச் சாயும். தடுக்க வேண்டுமானால் சுவரைப் பருமனாகக் கட்ட வேண்டும், ஜன்னலைச் சிறிதாக்க வேண்டும். ரோமானெஸ்க் தேவாலயங்களின் பருத்த சுவர்களும் உள்ளே நிற்கும் இருட்டும் பக்தியால் மட்டும் வந்தவை அல்ல. பாதி பயத்தால் வந்தவை.

அரைவட்ட வளைவு பண்டைய ரோமானியர்களின் சொத்து. அவர்களுடைய பேரரசு சிதைந்த பிறகும் இடிபாடுகள் ஐரோப்பா எங்கும் நின்றன. அவற்றைப் பார்த்துத்தான் கொத்தனார்கள் மறுபடி கற்றார்கள். 'ரோமானெஸ்க்' என்ற பெயரோ அவர்கள் கேட்டறியாதது. 1818இல் ஷார்ல் த ஜெர்வீல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில்தான் இந்தக் கட்டடக் கலைக்கு 'ரோமான்' என்று பெயரிட்டார். லத்தீன் மொழி சிதைந்து பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் என்று பல கிளை மொழிகள் பிறந்தன அல்லவா, அதே போல ரோமானியக் கட்டடக் கலை சிதைந்து இது பிறந்தது என்பது அவர் வாதம். 'சிதைந்து' என்பது அக்காலத்து அலட்சியம். ஆனால் உவமை அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. தாய் ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

பர்கண்டிக்குள்ளேயே பாருங்கள். அங்கு க்ளூனி மடத்தின் அதிபதி ஹ்யூ 1088இல் ஒரு தேவாலயத்தைத் தொடங்கினார். முழுமையடைந்தபோது அதன் நீளம் சுமார் 187 மீட்டர், உயரம் சுமார் 30 மீட்டர். ரோமில் 16ஆம் நூற்றாண்டில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கும்வரை கிறிஸ்தவ உலகில் இதற்கு இணை கிடையாது. கூரை, நெடுக்குவாட்டில் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். ஆனால் உச்சியைச் சற்றுக் கூர்மையாக்கியிருந்தார்கள். கூர்மையான வளைவு பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. அப்படியும் 1125இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுபடி கட்டினார்கள்.

தீக்கு இரையான வெஸலே வேறு வழியில் போனது. இரண்டு பீப்பாய் வளைவுகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும்படி கூரை அமைத்தால் பாரம் சுவர் நெடுகப் பரவாமல் நான்கு மூலைகளில் இறங்கும். இடையில் உள்ள சுவரில் ஜன்னல் வைக்கலாம். வைத்தார்கள். வெளிர் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி வரும் வளைவுகளுக்குக் கீழே வெளிச்சம் தாராளமாக விழுகிறது. விலை? சுவர்கள் வெளியே சாய்ந்தன. இன்றும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 1840இல் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்ற வியோலே ல தூக் என்ற கட்டடக் கலைஞருக்கு அப்போது வயது 26. கட்டடம் விழாமல் நின்றது அவர் புண்ணியம்.

வெஸலேயில் இந்தியர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. உள்வாயிலுக்கு மேலே உள்ள பெரிய அரைவட்டக் கல்லில் கிறிஸ்து தன் சீடர்களை உலகெங்கும் அனுப்புகிறார். ஓரங்களில் அந்த 'உலகத்தார்' செதுக்கப்பட்டிருக்கிறார்கள்: நாய்த்தலை மனிதர்கள், குதிரையேற ஏணி தேடும் குள்ளர்கள், உடம்பையே மூடும் அளவுக்குப் பெரிய காதுள்ளவர்கள். நாய்த்தலையர்கள் இந்தியாவில் வாழ்வதாக எழுதிவைத்தவர் க்டீசியஸ் என்ற பண்டைய கிரேக்கர். காதை விரித்து அதிலேயே படுத்துறங்குபவர்களைப் பற்றிச் சொன்னவர் பாடலிபுத்திரத்துக்கு வந்த மெகஸ்தனிஸ். நம்மைப் பற்றிய வதந்தி 1,500 ஆண்டுகள் பயணம் செய்து பர்கண்டியில் கல்லாகிவிட்டது.

யாத்திரை வழியில்

பர்கண்டியிலிருந்து தென்மேற்கே போனால் கேள்வி கொஞ்சம் மாறுகிறது. ஸ்பெயினின் சந்தியாகோ த கொம்போஸ்தேலாவில் யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. அங்கே செல்லும் பாதைகளில் இருந்த ஊர்கள் கூட்டத்தைச் சமாளித்தாக வேண்டும். துறவிகள் பீடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் புனிதரின் எலும்புகளைச் சுற்றிவந்து வணங்கிவிட்டுப் போக வேண்டும். எனவே பீடத்தைச் சுற்றி நடைபாதை, அதையொட்டிச் சிறு வழிபாட்டு அறைகள், பக்கக் கூடங்களுக்கு மேலே மாடம். இந்த மாடங்களின் கால்வட்டக் கூரை சும்மா இல்லை. நடுக் கூரை வெளியே தள்ளுவதை அது இருபுறமும் முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. ஆனால் மாடம் வந்ததால் உயரத்தில் ஜன்னல் வைக்க இடமில்லை.

துலூஸ், கோங்க், கொம்போஸ்தேலா மூன்றுக்கும் ஏறக்குறைய இதே வரைபடம். ஆனால் யாரும் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட முடியாது. துலூஸ் இருக்கும் கரோன் ஆற்றுச் சமவெளியில் நல்ல கல் கிடையாது. எனவே அங்குள்ள சாந்த் சேர்னான் தேவாலயத்தைச் செங்கல்லில் எழுப்பினார்கள். மாலை வெயிலில் அது ரோஜா நிறம். 1075இல் தொடங்கிய கொம்போஸ்தேலா சாம்பல் நிறக் கருங்கல். மலைச் சரிவில் ஒளிந்திருக்கும் கோங்க், அளவில் சிறியது. அந்த ஊர் பிரபலமானதே ஒரு திருட்டால்தான். புனித ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகள் முதலில் அழான் என்ற ஊரில் இருந்தன. கோங்க் துறவி ஒருவர் அந்த ஊர் மடத்தில் சேர்ந்து, நம்பிக்கை சம்பாதித்து, காத்திருந்து, 9ஆம் நூற்றாண்டில் ஒருநாள் எலும்புகளோடு ஊர் திரும்பினார். புனிதரே இடம் மாற விரும்பியதாகத் துறவிகள் விளக்கம் சொன்னார்கள்!

அக்வித்தேனில் இன்னொரு தினுசு. அங்குலேம் கதீட்ரலின் நடுக்கூடத்தின் மேல் வரிசையாகக் குவிமாடங்கள். பெரிகோவில் உள்ள சாந்த் ஃப்ரோனில் சிலுவை வடிவில் ஐந்து குவிமாடங்கள். வெனிஸ், பைசாந்தியம் என்று எங்கோ கிழக்கே நிற்பது போலத் தோன்றும். ஆனால் பெரிகோவில் இன்று பார்ப்பதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் போல் அபாதி என்பவர் ஏறக்குறையப் புதிதாகவே கட்டியது. பழுதுபார்க்க வந்தவர் தனக்குப் பிடித்தபடி திருத்தியும் விட்டார். பாரிஸின் வெள்ளை சாக்ரே கர் தேவாலயத்தை வடிவமைத்தவரும் இவரே. பெரிகோவின் மாடங்கள் அங்கே மறுபிறவி எடுத்தன.

மன்னர்களின் கூரை

ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் போட்டி புனிதர்களுக்கிடையே அல்ல, அதிகாரத்துக்கு. ஷ்பயர் கதீட்ரலை 1030 வாக்கில் தொடங்கிய இரண்டாம் கான்ராடுக்கு அது தன் வம்சத்தின் கல்லறை. 1061இல் அபிஷேகமானபோது நடுக்கூடத்துக்கு மரக்கூரைதான். அவருடைய பேரன் நான்காம் ஹென்றி, போப்போடு மோதி 1077இல் கனோசா கோட்டை வாசலில் பனியில் காத்துநின்று மன்னிப்புக் கேட்ட அதே ஹென்றி, சில ஆண்டுகளில் ஷ்பயரைப் பாதி இடித்து மறுபடி கட்டினார். இம்முறை 30 மீட்டருக்கும் அதிக உயரத்தில் கல் வளைகூரை. க்ளூனி போப்பின் பக்கம் சாய்ந்த மடம். இரண்டும் ஒரே காலத்தில் உயர்ந்துகொண்டிருந்தன என்பதைத் தற்செயல் என்று நம்புவது கடினம். அருகே மெயின்ஸிலும் வோர்ம்ஸிலும் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பக்கமும் பீடங்கள். முகப்பு என்று ஒன்று இல்லை. பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

ஆனால் கேள்விக்கான சிறந்த பதில் எதிர்பாராத ஓர் இடத்தில் வந்தது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வடக்கே தங்கள் ஆட்சியை நெருப்பாலும் வாளாலும் நிறுவினார்கள். டர்ஹமில் அவர்கள் நியமித்த முதல் பிஷப்பை 1080இல் உள்ளூர்க்காரர்கள் கொன்றார்கள். அந்த ஊரில், ஆற்று வளைவுக்கு மேலே செங்குத்தான பாறையில், கோட்டைக்கு எதிரே 1093இல் கதீட்ரல் தொடங்கியது. உள்ளே நிற்கும் உருண்டைத் தூண்களின் சுற்றளவும் உயரமும் ஏறக்குறையச் சமம், இரண்டும் 6 மீட்டருக்கு மேல். அவற்றில் நெளிகோடு, கட்டம், சாய்கோடு என்று ஆழமாக வெட்டிய கோலங்கள். ஜெயித்தவனின் கட்டடம் என்பதில் சந்தேகமே வராது. ஆங்கிலேயர்கள் இன்றும் இந்தப் பாணியை 'நார்மன்' என்றே அழைக்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்தால்தான் புதுமை தெரியும். டர்ஹம் கொத்தனார்கள் முதலில் மூலைக்கு மூலை குறுக்காகக் கல் விலாக்களைக் கட்டினார்கள், குடைக் கம்பிகளைப் போல. இடையில் உள்ள பரப்பைப் பிறகு நிரப்பினார்கள். சாரம் கட்டும் மரம் மிச்சம். நடுக்கூடத்தின் குறுக்கே போகும் வளைவுகள் கூர்மையானவை. அரைவட்டத்தில் அகலத்தைக் கூட்டினால் உயரமும் கூடியே தீரும். கூர்வளைவை வேண்டிய உயரத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம். 1133இல் வேலை முடிந்தது. பத்தாண்டுக்குள், 1140களில், பாரிஸுக்கு வெளியே சாந்த் தெனி மடத்தில் கூர்வளைவையும் விலாவையும் சேர்த்துச் சுவரையே கண்ணாடியாக்கிக் காட்டினார் மடாதிபதி சுஜே. கோதிக் பிறந்தது. பருத்த சுவருக்கு வேலை போயிற்று.

எல்லோருமே கல் கூரைக்கு ஆசைப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் பீசா நகரத்தார் 1063இல் சிசிலியின் பலெர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொள்ளையடித்து, அந்தப் பணத்தில் தங்கள் கதீட்ரலைத் தொடங்கினார்கள். கலைஞர் புஸ்கேத்தோ. பளிங்கில் வரி வரியாக, அடுக்கடுக்கான தூண்களோடு முகப்பைக் கட்டியவர்கள், கூரையை மட்டும் பழைய ரோமானிய வழக்கப்படி மரத்திலேயே வைத்தார்கள். 1595இல் அது எரிந்தது. 1173இல் தொடங்கிய மணிக்கூண்டுதான் இன்று உலகத்தையே அங்கே இழுக்கும் சாய்ந்த கோபுரம். பக்கத்தில் உள்ள கதீட்ரலுக்குள் நுழையாமலே படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். கொள்ளை போன பலெர்மோவோ சில ஆண்டுகளில் நார்மன்கள் கைக்குப் போனது. அங்கே மன்னர் இரண்டாம் ரோஜரின் அரண்மனைத் தேவாலயத்தில் (1140) கிரேக்க மொசைக்கும் லத்தீன் வழிபாடும் இருக்க, கூரை மட்டும் முஸ்லிம் கைவினைஞர்கள் செய்த தேன்கூட்டு மரவேலை. அதில் இசைக்கலைஞர்கள், நடனமாடுபவர்கள், கோப்பையேந்தியவர்கள்! டர்ஹமில் இருந்த அதே நார்மன்கள்தான். ஊர் வேறு, கட்டடமும் வேறு.

நார்வேக்காரர்கள் சுவரையே மரத்தில் எழுப்பினார்கள். 12ஆம் நூற்றாண்டின் ஊர்னஸ் தேவாலயத்தில் மரத் தூண்களின் தலைப்பகுதியைக் கல் தூண் போலவே செதுக்கியிருக்கிறார்கள்.

சுவரிலிருந்து உரித்தவை

கோதிக் வந்த பிறகு இவையெல்லாம் பழசாயின. ஓத்தான் கதீட்ரல் வாயிலின் இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில் கிறிஸ்துவின் காலடியில் 'கிஸ்லபெர்துஸ்' என்ற பெயர் வெட்டியிருக்கிறது. சிற்பி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கொடையாளியாகவும் இருக்கலாம் என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். யாராக இருந்தாலும், 1766இல் கதீட்ரல் குருமார்களுக்கு அந்தச் சிற்பம் அசிங்கமாகப் பட்டது. சுண்ணாம்புச் சாந்து பூசி மூடினார்கள். கிறிஸ்துவின் தலை துருத்திக்கொண்டு நின்றது. அதை உடைத்தெடுத்துவிட்டார்கள். அந்தப் பூச்சுதான் பிரெஞ்சுப் புரட்சியின் சுத்தியல்களிலிருந்து சிற்பத்தைக் காப்பாற்றியது. 1837இல் சாந்து நீக்கப்பட்டது. உள்ளூர் அருங்காட்சியகத்தில் கிடந்த தலை 1948இல் அடையாளம் காணப்பட்டு உடலோடு சேர்ந்தது.

க்ளூனிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. புரட்சி அரசு 1798இல் அதை வியாபாரிகளுக்கு விற்றது. கல்லாகவே உடைத்து விற்றார்கள். தேவாலயத்தின் குறுக்கே தெருவும் போட்டார்கள். கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயத்தில் இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1928 முதல் அங்கே அகழ்ந்து, அளந்து, காகிதத்தில் அதை மறுபடி நிறுத்தியவர் கென்னத் கோனன்ட் என்ற அமெரிக்கர்.

ஸ்பெயினின் கதலோனியாவில் நடந்தது இன்னும் சிக்கலானது. பிரனீஸ் மலையின் போயி பள்ளத்தாக்கில் ஏழைக் கிராமங்களில் உயர்ந்த மணிக்கூண்டுகளோடு சிறு கல் தேவாலயங்கள் நிற்கின்றன. கட்டும் முறை இத்தாலியின் லம்பார்டியிலிருந்து வந்தது, கூரை உள்ளூர் மரமும் பலகைக்கல்லும். தாவுல் கிராமத்தில் 1123 டிசம்பர் 10 அன்று சான் கிளிமென்ட், மறுநாள் சாந்தா மரியா என அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தேவாலயங்களை பிஷப் ரமோன் அபிஷேகம் செய்தார். சான் கிளிமென்டின் பீடத்துக்குப் பின்னே அரைவட்டச் சுவரில் கிறிஸ்து: நீலமும் சிவப்பும், கத்தியால் வெட்டியது போன்ற கோடுகள், இமைக்காத கண்கள். அக்கால ஓவியத்தில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்வது கடினம்.

1919 வாக்கில் பழம்பொருள் வியாபாரிகள் இந்த மலைகளுக்கு வந்தார்கள். சாந்தா மரியா த முர் தேவாலயத்தின் ஓவியம் கைமாறி 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிர்ந்த பார்சிலோனா அதிகாரிகள் மற்றவற்றையாவது காப்பாற்ற முடிவு செய்தார்கள். காப்பாற்றிய முறை வியாபாரிகள் செய்த அதே முறை. ஓவியத்தின் மேல் பசை தடவித் துணியை ஒட்டி, காய்ந்ததும் துணியோடு வண்ணத்தை உரித்து எடுப்பார்கள். 1923க்குள் தாவுல் கிறிஸ்து உள்பட எல்லாம் கழுதைப் பாதையில் இறங்கி பார்சிலோனா அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. செய்திராவிட்டால் இன்று இவை எந்தெந்த நாட்டில் இருந்திருக்குமோ. ஆனால் அந்தச் சுவருக்காக, அந்தக் குறுகிய ஜன்னல் வெளிச்சத்துக்காக வரைந்தவை அவை என்பதையும் மறுக்க முடியாது.

இதே வழக்கு அண்மையில் நீதிமன்றத்துக்கே வந்தது. அரகோன் வட்டாரத்தின் சிஹேனா மடம் 1188இல் அரசி சாஞ்சா நிறுவியது. அதன் ஓவியங்களில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் பாணி தெரிகிறது. 1936இல் உள்நாட்டுப் போரில் மடம் எரிந்தது. எஞ்சிய ஓவியங்களை அந்த ஆண்டே உரித்தெடுத்து பார்சிலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஓவியத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அரகோன் கேட்டது. வெந்துபோன வண்ணம், அசைத்தால் உதிர்ந்துவிடும் என்றது அருங்காட்சியகம். திருப்பித் தர வேண்டும் என்று 2025 மே மாதம் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாவுல் வேறு வழி கண்டுபிடித்தது. 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பள்ளத்தாக்கில், சான் கிளிமென்டின் வெறும் சுவரில் 2013 முதல் ஒளிப்படக் கருவிகள் மூலம் பழைய ஓவியத்தைப் படரவிடுகிறார்கள். இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முன் முதலில் கோடுகள் தோன்றுகின்றன, பிறகு நீலம், பிறகு சிவப்பு, பிறகு அந்தக் கண்கள். சில நிமிடங்கள் சுவர் முழுக்க 1123ஆம் ஆண்டு. காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும், உரித்தபோது தப்பிய சில வண்ணத் திட்டுகளோடு சுவர் மறுபடி வெறும் கல்லாக நிற்கிறது. அடுத்த காட்சிக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.